பயாஸில் இருக்கும் நெட்வொர்க் செட்டிங்: கோத்தகிரிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மழைக்குப் பயந்து சிபியூவை பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, "நெட் வரலைங்கண்ணா, பயாஸ்ல ஏதோ மாத்தணும்னு சொன்னாங்க" என்பார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. பயாஸ் என்பது கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள். அதில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருக்கும்போது எங்கே கை வைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று கடையில் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பயாஸில் நெட்வொர்க் சம்பந்தமாக என்னதான் இருக்கிறது?

நினைப்பதைவிடக் குறைவு. சிபியூவின் பின்பக்கம் லேன் கேபிள் செருகுகிறோமே, அந்தத் துளைக்குப் பின்னால் மதர்போர்டில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. பல போர்டுகளில் ரியல்டெக், சிலவற்றில் இன்டெல். அந்தச் சிப் விண்டோஸின் கண்ணில் படலாமா வேண்டாமா என்பது ஒரு செட்டிங். அதன் வழியாக பூட் ஆக, அதாவது விண்டோஸைக் கிளப்பப் பார்க்கலாமா என்பது இன்னொன்று. அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரை அதன் வழியாக எழுப்பலாமா என்பது மூன்றாவது. போர்டிலேயே வைஃபை இருந்தால் அதற்கும் ஓர் ஆன், ஆஃப். அலுவலகங்களுக்கென்று வரும் சில இன்டெல் போர்டுகளில், தூரத்திலிருந்து நிர்வகிக்க ஏஎம்டி என்று ஒரு வசதி கூடுதலாக இருக்கும் (பிராசசர் செய்யும் ஏஎம்டி கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது). வீட்டுக்கு அது தேவைப்படாது.

நீங்கள் நெட் போடும்போது பார்க்கும் ஐபி முகவரி, டிஎன்எஸ், வைஃபை பாஸ்வேர்டு, வேகம் எதுவும் அங்கே இல்லை. அவையெல்லாம் விண்டோஸிலும் ரூட்டரிலும் இருக்கின்றன. பயாஸ் என்பது மீட்டர் பெட்டியில் உள்ள மெயின் சுவிட்ச் மாதிரி. பல்பு ஏன் மங்கலாக எரிகிறது என்று அங்கே போய்த் தேடினால் கிடைக்காது.

உள்ளே எப்படிப் போவது?

கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ மூன்றிலும் அதுதான். டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10. உள்ளே போனதும் ஜிகாபைட்டில் 'ஐஓ போர்ட்ஸ்', ஆசுஸில் 'ஆன்போர்டு டிவைசஸ் கான்ஃபிகரேஷன்', எம்எஸ்ஐயில் 'இன்டெகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே தேடுங்கள். எதை மாற்றுவதற்கு முன்னும் அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கறுப்புத் திரையில் பிஎக்ஸ்இ என்று வந்து, கேபிளைப் பார்க்கச் சொல்கிறது. நெட் கேபிள் போய்விட்டதா?

இல்லை. பெரும்பாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸிலிருந்து கணக்குப் பார்ப்பவர் ஒருவர் வந்தார். திரையில் 'பிஎக்ஸ்இ-இ61: மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்' என்று வந்திருக்கிறது. செக் கேபிள் என்று அதுவே சொல்கிறதே என்று நம்பி, இரண்டு முறை புது லேன் கேபிள் வாங்கி மாற்றியிருக்கிறார். பாவம், அவர்மேல் தப்பில்லை. அந்த வாசகம் யாரையும் ஏமாற்றும். திறந்து பார்த்தால், டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள் பாதி கழன்று நின்றது. அழுத்திச் செருகினேன், விண்டோஸ் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பூட் ஆவதற்கென்று இன்டெல் கொண்டுவந்த முறை பிஎக்ஸ்இ. அதன் 2.1 பதிப்பு வந்தது 1999-இல். பூட் வரிசையில் டிஸ்க் முதலில் இருக்கும், நெட்வொர்க் கடைசியில் இருக்கும். டிஸ்க் கிடைக்காதபோது கம்ப்யூட்டர் வரிசையில் கீழே இறங்கி, லேன் வழியாக யாராவது விண்டோஸ் தருவார்களா என்று கேட்கிறது. கேபிள் செருகியிருக்காவிட்டாலோ, அதன் மறுமுனையில் இருப்பது அணைந்திருந்தாலோ இ61 என்று புலம்பும். கேபிள் செருகி வீட்டு ரூட்டர் இருந்தால், ரூட்டர் ஐபி முகவரியைக் கொடுத்துவிடும், ஆனால் பூட் ஃபைல் எதுவும் அதனிடம் இல்லை; அப்போது இ53 என்று வரும். ரூட்டர் பதிலே சொல்லாவிட்டால் இ51. மூன்றிலும் உண்மையான கேள்வி ஒன்றுதான்: டிஸ்க் எங்கே போனது?

எனவே பயாஸுக்குள் போய் முதலில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசை கலைந்திருக்கிறது, அதை முதலுக்குக் கொண்டுவந்தால் போதும். தெரியாவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது டிஸ்க்கே போயிருக்கும். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் மேலும் ஆன் செய்து பார்க்காமல் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களையாவது காப்பாற்றப் பார்க்கலாம்.

நெட்வொர்க் ஸ்டாக், லேன் ஆப்ஷன் ராம் என்று இருக்கிறதே, அதை ஆன் செய்தால் நெட் வேகமாகுமா?

ஆகாது. மேலே சொன்ன நெட்வொர்க் பூட்டுக்கான கதவு அது, அவ்வளவுதான். வீட்டில் டிஸ்ஏபிள் செய்து வையுங்கள். பூட் ஆகும்போது வீணாகக் காத்திருப்பது குறையும். இன்னொரு காரணமும் உண்டு. பல கம்பெனிகளின் யூஇஎஃப்ஐக்கு (பயாஸின் இன்றைய வடிவம்) அடிப்படையாக இருக்கும் இடிகே2 என்ற மென்பொருளின் நெட்வொர்க் பகுதியில் ஒன்பது ஓட்டைகள் இருப்பது 2024 ஜனவரியில் வெளியானது. பிக்ஸிஃபெயில் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பயன்படுத்தாத கதவைச் சாத்தி வைப்பதில் நஷ்டமில்லை.

ஆன்போர்டு லேன் கன்ட்ரோலரை எப்போது டிஸ்ஏபிள் செய்ய வேண்டும்?

சாதாரணமாகத் தேவையே இல்லை. எனேபிள்டு என்று இருக்கட்டும். டிஸ்ஏபிள் ஆகியிருந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஈதர்நெட் என்ற பேச்சே இருக்காது, ஏதோ அந்தச் சிப் போர்டில் இல்லாததுபோல. குழந்தைகள் நோண்டியதாலோ, ஏற்கெனவே சரிபார்த்தவர் அணைத்துவிட்டு மறந்ததாலோ இப்படி ஆகும்.

நான் டிஸ்ஏபிள் செய்வது ஒரு காரணத்துக்குத்தான்: இடி. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் மழை கொட்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. அதோடு இடியும் வரும். சித்திரையில் வரும் கோடை மழை இடியும் சும்மா இருக்காது. வீட்டிலிருந்து தோட்டத்துக்குள் இருக்கும் ஆபீஸ் அறைக்குத் தாமிர லேன் கேபிளை வெட்டவெளியில் இழுத்திருப்பார்கள். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தால் போதும், அந்தக் கம்பியில் ஏறும் வோல்ட்டேஜ் நேராக வந்து அடிப்பது லேன் சிப்பைத்தான். கம்ப்யூட்டர் மற்றபடி நன்றாக ஓடும், லேன் மட்டும் செத்திருக்கும். சில சமயம் செத்த சிப் விண்டோஸையும் தொந்தரவு செய்யும்; பூட் ஆக நேரமாகும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும்.

ஆனால் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பவர் கார்டையும் லேன் கேபிளையும் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி செருகிப் போடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் லேன் சிப்புக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதனால் குழம்பி நின்ற சிப் ரீஸ்டார்ட் செய்தாலும் தெளியாது. முழுதாகக் கரண்டை எடுத்தால் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். இப்படிப் பிழைத்த போர்டுகளுக்கு நான் காசு வாங்குவதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் மறுப்பதில்லை.

பிழைக்கவில்லையென்றால் பயாஸில் ஆன்போர்டு லேனை டிஸ்ஏபிள் செய்துவிட்டு, மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐ-இ ஸ்லாட்டில் ஒரு லேன் கார்டோ, யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரோ போட்டுக்கொள்ளலாம். இதற்காக மதர்போர்டையே மாற்றச் சொன்னால் வேறு கடையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், அந்த வெட்டவெளிக் கேபிளை ஃபைபராக மாற்றுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

லேன் லைட் எரிகிறது, ஆனால் வேகம் 100-க்கு மேல் போகவில்லை. பயாஸில் எங்கே மாற்றுவது?

பயாஸில் அல்ல. கேபிளில். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள். 1000-க்கு நான்கு ஜோடியும் சரியாக இருக்க வேண்டும். மீதி நான்கு கம்பிகளில் ஒன்று அறுந்தாலும், இரண்டு பக்கச் சிப்புகளும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நெட் வருகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

நம் பக்கத்தில் இதற்குக் காரணம் இரண்டு. கூரைமேல் போகும் கேபிளைக் குரங்கு பிடித்துத் தொங்குவது ஒன்று. பிளக்குக்குள் இருக்கும் தகடுகள் ஈரத்தில் பச்சை பிடிப்பது மற்றொன்று. மாதக்கணக்கில் மூடுபனிக்குள் இருக்கும் வீடுகளில் இது சகஜம். இரண்டு முனையையும் வெட்டிப் புது பிளக் வைத்து இறுக்கினாலே (கிரிம்ப் செய்வது என்பார்கள்) பாதிச் சிக்கல் தீரும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் தாமிரக் கேபிள் இழுக்காதீர்கள்.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் லேன் லைட் மினுங்குகிறது. பேய் எதுவும் இல்லையே?

இல்லை. எழுப்புவார்களா என்று சிப் காத்திருக்கிறது. பிடிக்காவிட்டால் பயாஸில் 'இஆர்பி' என்பதை எனேபிள் செய்யுங்கள், லைட் அணைந்துவிடும். ஐரோப்பாவின் 2009-ஆம் ஆண்டு மின்சிக்கன விதிகளுக்காக வந்த வசதி அது. அணைத்த கருவி இழுக்கும் கரண்டுக்கு அங்கே வரம்பு வைத்தார்கள்.

வேக் ஆன் லேன் என்றால் என்ன? கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கோத்தகிரி வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட முடியுமா?

முடியும், ஆனால் நேராக முடியாது. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கீழே வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள்.

ஒவ்வொரு லேன் சிப்புக்கும் மேக் முகவரி என்று பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. எழுப்ப அனுப்பும் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். அதில் மேஜிக் எதுவுமில்லை. தொடக்கத்தில் எஃப்எஃப் என்று ஆறு பைட், பிறகு அந்த மேக் முகவரி பதினாறு முறை. மொத்தம் 102 பைட். கிளாஸில் தூங்கும் பையனை எழுப்ப அவன் பெயரைப் பதினாறு முறை கூப்பிடுகிற மாதிரி. அரைத் தூக்கத்தில் இருக்கும் சிப் தன் பெயரைக் கேட்டதும் பவரைப் போடச் சொல்லும்.

இதற்குப் பயாஸில் 'வேக் ஆன் லேன்' அல்லது 'பவர் ஆன் பை பிசிஐ-இ' எனேபிள் ஆகியிருக்க வேண்டும். எம்எஸ்ஐயில் 'ரெஸ்யூம் பை பிசிஐ-இ டிவைஸ்' என்று இருக்கும். இஆர்பி டிஸ்ஏபிள் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் அது சிப்பின் கரண்டையே நிறுத்திவிடும். இரண்டையும் ஆன் செய்துவிட்டு எழவில்லை என்று வருபவர்களே அதிகம். பிறகு விண்டோஸில், டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி கொடுங்கள். விண்டோஸ் 8-இலிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பல கம்ப்யூட்டர்கள் ஷட் டவுனிலிருந்து எழுவதில்லை.

இவ்வளவும் செய்தால் ஒரே வீட்டுக்குள் எழும். கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடும் குரல் வீட்டு ரூட்டரைத் தாண்டி உள்ளே வராது. ரூட்டரில் விபிஎன் வசதியோ (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி), தானே மேஜிக் பாக்கெட் அனுப்பும் வசதியோ இருந்தால்தான் நடக்கும்.

இதில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றடித்து மரம் விழுந்து கரண்ட் போய் வந்தால், பல போர்டுகளில் லேன் சிப் காதைத் திறந்து வைப்பதில்லை. ஒரு முறை விண்டோஸ் வரை போய் அணைந்த பிறகுதான் மறுபடி கேட்கும். அதாவது உங்களுக்குத் தேவைப்படும் நாளில் அது எழாது. எனவே நான் வேறு வழி சொல்வேன்: பயாஸில் 'ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். புயல் நாளில் கரண்ட் பத்து முறை போய் வந்தால் கம்ப்யூட்டரும் பத்து முறை எழுந்து பாதியில் விழும், டிஸ்க் தாங்காது.

நெட் இருக்கிறது, வாட்ஸாப் வெப், பேங்க் எதுவும் திறக்கவில்லை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்கிறது.

திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். போர்டு தயாரான வருடத்தையோ அதன் பக்கத்து வருடத்தையோ காட்டினால் நெட்டில் குற்றமில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் பழைய வருடத்தில் வாழ்வதால், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே என்று சந்தேகப்படுகிறது. வித்தியாசம் வருடக்கணக்கில் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு.

காரணம் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு செல். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கம்ப்யூட்டர் பிளக்கில் இருக்கும்வரை கடிகாரம் அந்தக் கரண்டில் ஓடும்; பிளக்கைப் பிடுங்கினால்தான் செல்லைத் தின்னும். இடிக்குப் பயந்து தினமும் ராத்திரி பிளக்கைப் பிடுங்குவது நம் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம்தான், விடாதீர்கள். ஆனால் செல் சீக்கிரம் தீரும். தேய்ந்த செல்லுக்குக் குளிரும் ஆகாது. ஊட்டியில் உறைபனி விழும் மார்கழி, தை காலைகளில் இப்படித் தேதி தொலைந்த கம்ப்யூட்டர்கள் கிளம்பும். பல போர்டுகளில் செல் போனால் நீங்கள் பயாஸில் மாற்றி வைத்ததும் சேர்ந்து போய்விடும். டிஸ்ஏபிள் செய்த செத்த லேன் மறுபடி எனேபிள் ஆகும், வேக் ஆன் லேன் மறந்துபோகும்.

போர்டில் வைஃபை இருக்கிறது என்றார்கள், ரூட்டர் பக்கத்திலேயே இருந்தும் சிக்னல் இல்லை.

ஆன்டெனாவை மாட்டினீர்களா? மதர்போர்டு டப்பாவைத் தேடுங்கள். பின்பக்கம் இருக்கும் இரண்டு பித்தளைத் திருகில் மாட்ட வேண்டியது அதற்குள்தான் கிடக்கும். புளூடூத்தும் அதே ஆன்டெனாவில்தான் ஓடுகிறது.

புது போர்டில் விண்டோஸ் 11 போடும்போது நெட் கேட்கிறது. லேன் செருகினாலும் தெரியவில்லை.

சிப் புதிது, அதற்கான டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் இல்லை. 2.5 கிகாபிட் லேன் உள்ள போர்டுகளில் இது அடிக்கடி வரும். பயாஸில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும். முடிந்ததும் போர்டு கம்பெனியின் தளத்தில் லேன் டிரைவரை இறக்குங்கள்.

மதர்போர்டு மாற்றியதிலிருந்து நெட் வரவில்லை. மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது.

ரூட்டர் இல்லாமல் கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் செருகுபவர்களுக்கு இது வரும். நெட் கொடுப்பவர் உங்கள் பழைய மேக் முகவரியை மட்டும் பதிந்து வைத்திருப்பார். புது போர்டுக்குப் புது முகவரி. கமாண்ட் பிராம்ப்டில் 'கெட்மேக்' (getmac) என்று ஆங்கிலத்தில் அடித்து வருவதை அவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளிக்கூட லேபில் இருபது சிஸ்டம். ஒவ்வொன்றாகப் பென் டிரைவ் செருகாமல் லேன் வழியாகவே விண்டோஸ் போட முடியுமா சார்?

முடியும் டீச்சர். பிஎக்ஸ்இ பிறந்ததே இதற்குத்தான். ஒரு கம்ப்யூட்டரைச் சர்வராக வைத்து, குளோன்ஸில்லா மாதிரி இலவச மென்பொருளில் ஒரு சிஸ்டத்தை நகலெடுத்து, மற்றவற்றில் நெட்வொர்க் ஸ்டாக்கை எனேபிள் செய்து, லேன் வழியாக பூட் செய்து இறக்கலாம். வேலை முடிந்ததும் திரும்ப டிஸ்ஏபிள்.

நான் முதல் முறை செய்தபோது ஒரு தப்புச் செய்தேன். சர்வரும் ஐபி முகவரி கொடுக்கும், பள்ளியின் ரூட்டரும் கொடுக்கும். இரண்டையும் ஒரே சுவிட்சில் (லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் ஆபீஸ் ரூம், ஸ்டாஃப் ரூம் எல்லாவற்றிலும் நெட் போய், ஹெட்மாஸ்டரே லேபுக்கு வந்துவிட்டார். லேப் சுவிட்சிலிருந்து ரூட்டருக்குப் போகும் கேபிளை முதலில் பிடுங்குங்கள், பிறகு தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

போனில் படம் எடுத்திருந்தால் அதைப் பார்த்து வரி வரியாகத் திருப்புங்கள். இல்லையென்றால் 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' இருக்கிறது: ஆசுஸில் எஃப்5, எம்எஸ்ஐயில் எஃப்6, ஜிகாபைட்டில் எஃப்7. ஆனால் அழுத்துவதற்கு முன் 'சிஎஸ்எம்' (பழைய முறையில் பூட் ஆவதற்கான வசதி) என்ற வரியும், டிஸ்க்குக்கான 'சாட்டா மோட்' என்ற வரியும் எப்படி இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய முறையில் போட்ட விண்டோஸ் என்றால், சிஎஸ்எம் அணைந்ததும் பூட் ஆகாமல் நிற்கும். சாட்டா மோட் மாறினாலும் அப்படி நிற்கலாம். அந்த வரியை எழுதி வைத்ததுபோல் திருப்பினால் வந்துவிடும்.